முகவரிப் புத்தகத்தில் உயிருடன் இருப்பவர்

குடிநீர் வாரியத்தில் தொட்டி ஆய்வாளர் என்று ஒரு பதவி உண்டு. நகரத்தின் மேல்நிலைத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, அவை நன்றாக இருக்கின்றன என்று எழுதுவதுதான் அந்தப் பதவியின் வேலை. நன்றாக இல்லை என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

அந்தப் பதவிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரைத் தொட்டியம்மா என்றார்கள். அவருக்கு முன்பிருந்தவர்கள் தெருவில் நின்று, நெற்றியில் கையை வைத்து, அண்ணாந்து பார்த்து ஆய்வு செய்தவர்கள். தொட்டியம்மா ஏணியில் ஏறினார். அலுவலகத்தில் இதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை. சிலருக்கு வெற்றிலை, சிலருக்கு மூக்குப்பொடி, இந்த அம்மாவுக்கு ஏணி என்று விட்டுவிட்டார்கள்.

சந்தைத் தெருத் தொட்டியில் ஏறியபோதுதான் அவர் அந்த விரிசலைப் பார்த்தார். தொட்டியின் அடித்தளமும் சுவரும் சேரும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு, ஈரம் பூத்து நின்றது. அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்து விரிசலின் இரண்டு முனைகளிலும் கோடு போட்டுவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் போனபோது விரிசல் இரண்டு கோடுகளையும் தாண்டி, தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

தொட்டிக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். அதை ஒட்டிக் காய்கறிக்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தொட்டியின் தூணில் பலகை மாட்டி, தொட்டியம்மாவின் சொந்தத் தங்கை சலவைக் கடை நடத்திவந்தாள்.

தொட்டியம்மா அலுவலகத்துக்கு ஓடினார். ஓடிப் போய் என்ன செய்வது? அப்போது வாரியம் ‘காகிதமில்லா வாரியம்’ ஆகியிருந்தது. எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது, நேரில் போய்ச் சொல்லவும் கூடாது. எல்லாம் மின்னஞ்சலில்தான். மேசைக்கு மேசை ஒரு கணினி, கணினிக்குக் கணினி ஓர் அஞ்சல் மென்பொருள், அந்த மென்பொருளுக்குள் வாரியத்தின் அத்தனை அலுவலர்களும் அடங்கிய முகவரிப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்குத் திறப்பு விழாவே நடந்தது. கணினித் திரைக்கு முன்னால் சின்னதாக ஒரு பட்டுத் திரை கட்டி, அதைக் கயிறு இழுத்துத் திறந்தார்கள்.

‘மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு’ என்று தொட்டியம்மா எழுதினார். விரிசலின் நிலையைச் சொல்லி, தொட்டியை உடனே காலி செய்ய உத்தரவு கேட்டார். பதில் இல்லை. மறுநாள் ‘அவசரம்’ என்று தலைப்பிட்டு அனுப்பினார். அதற்கும் இல்லை. ‘மிக அவசரம்’ என்றார். ‘தங்கள் உடனடிப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்’ என்று தினமும் முடித்தார். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

ஒருநாள் அனுப்புவதற்கு முன் பெறுநர் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். ‘தலை’ என்று தட்டியதுமே மென்பொருள் முந்திக்கொண்டு ஒரு பெயரையும், பக்கத்தில் ஒரு சின்னப் படத்தையும் போட்டது. படத்தில் தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, லேசான சிரிப்பு. தொட்டியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் இருந்தவர் முந்தைய தலைமைப் பொறியாளர். போன வருடம் ஓய்வு பெற்றார், ஓய்வு பெற்ற சூட்டோடு மாரடைப்பில் காலமானார். மாலை வாங்கிக்கொண்டு போனதே தொட்டியம்மாதான்.

அவர் அந்தப் பெயரை அழித்துவிட்டு, இப்போதைய தலைமைப் பொறியாளரின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கடைசி எழுத்தை முடித்ததும் மென்பொருள் பணிவாக, ‘நீங்கள் நினைத்தது இவரைத்தானே?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடிக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. முகவரிப் புத்தகத்தைத் திறந்து அவரை நீக்கினார். போனார். மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால், நன்றாகத் தூங்கி எழுந்தவர்போலக் கண்ணாடிக்காரர் அதே இடத்தில் இருந்தார். புதியவருக்குத் தனியாக ஒரு பதிவு செய்து பார்த்தார். ‘ஒரே பதவியில் இரண்டு பேர். இருவரும் ஒருவராக்கப்பட்டனர்’ என்று அறிவிப்பு வந்தது. ஒருவராக்கப்பட்டவருக்குப் படம் பழையவருடையது, அஞ்சல் முகவரி பழையவருடையது, இரத்த வகை மட்டும் புதியவருடையது.

கணினி உதவி மையம் தரைத்தளத்தில், கழிப்பறைக்கு எதிரே இருந்தது. அங்கே இருந்தவருக்கு ஹெட்செட் என்று பெயர். காதுக்கருவி எப்போதும் அவர் கழுத்தில்தான் கிடக்கும், காதுக்கு ஏறிப் பார்த்தவர் இல்லை.

“மூடித் திறந்தீங்களா மேடம்?” என்றார் ஹெட்செட்.

“திறந்தேன்.”

“அவரு போயிட்டாரா?”

“அவரு போயி ஒரு வருஷமாச்சு.”

“இல்ல மேடம், ஸ்கிரீன்லேர்ந்து.”

“ஸ்கிரீன்லேர்ந்து போகமாட்டேங்கறாரு. அழிச்சா ராத்திரியோட ராத்திரியா திரும்ப வந்துடறாரு.”

“அது அப்படித்தான். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது மைய முகவரிப் புத்தகத்தோட நிழல். நிழலை அழிச்சா ஆள் போவாரா?”

“ஆள்தான் முதல்லயே போயிட்டாரே! எனக்குத் தொல்லையா நிக்கறது நிழல்தான்.”

ஹெட்செட் கழுத்துக் கருவியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. “மையத்துல மாத்தறது எனக்கு அரை நிமிஷ வேலை மேடம். நீங்க ஒரு கோரிக்கை போடுங்க. அது துறைத் தலைவர் ஒப்புதலுக்குத் தானா போகும். அவர் சரின்னதும் மாத்திடறேன்.”

“துறைத் தலைவர் யாரு?”

“தலைமைப் பொறியாளர்.”

“எந்தத் தலைமைப் பொறியாளர்?”

ஹெட்செட் திரையைத் திருப்பினார். தடித்த சட்டக் கண்ணாடி. இருவரும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்கள். அவரும் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது பெரிய இடத்து விஷயம் மேடம்,” என்றார் ஹெட்செட், குரலைத் தாழ்த்தி.

சட்டத்தை மீறுவதென்று முடிவு செய்து, தொட்டியம்மா மாடியேறி இப்போதைய தலைமைப் பொறியாளரின் அறைக்கே போனார். அது அழகான அறை. மேசைமீது ஒரு துரும்பு இல்லை. சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. ‘நிலுவையற்ற மேசை’ என்று அதில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது.

“நேர்லயா வந்தீங்க?” என்றார் தலைமைப் பொறியாளர், வருத்தமாக. “நடந்து வர்றதெல்லாம் பழைய நடைமுறை இல்லையா?”

“சந்தைத் தெருத் தொட்டில விரிசல் சார். போட்டோ எடுத்திருக்கேன்.” தொட்டியம்மா கைப்பேசியை நீட்டினார்.

தலைமைப் பொறியாளர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காட்டாதீங்க, காட்டாதீங்க! நான் பாத்தா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நடவடிக்கை எடுக்கணும். மெயில் அனுப்புங்க, முறைப்படி தெரிஞ்சுக்கறேன்.”

“அனுப்பினா உங்களுக்கு வரலையே சார். உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்குப் போகுது.”

“தெரியும்மா. நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து இந்த மேசைக்கு ஒரு பிரச்சினை வந்ததில்ல. ஒண்ணுகூட! அவரைப் பாத்திருக்கேன். நாள் பூரா மெயிலு, பதிலு, மறுபடி மெயிலு. என்ன ஆச்சு? நெஞ்சு வலி. நிர்வாகம்ங்கிறது பிரச்சினையைத் தீக்கறது இல்லம்மா, வராம பாத்துக்கறது. அதுக்குத்தான் அந்தச் சான்றிதழ்.”

“புத்தகத்துல உங்க பேர் இன்னும் துணைப் பொறியாளர்னு இருக்கு. அந்தப் பேருக்கு அனுப்பினா உங்களுக்கு வருமில்லையா?”

“வருது. நிறைய வருது. ஆனா அது துணைப் பொறியாளருக்கு வர்ற மெயில். நான் இப்ப துணை இல்ல. அடுத்தவங்களுக்கு வந்ததைத் திறந்து படிக்கிற பழக்கம் எங்க வீட்லயே கிடையாது.”

“தொட்டி விழுந்துடும் சார்.”

“விழுந்தா யாராவது மெயில் அனுப்புவாங்க,” என்றார் அவர் ஆறுதலாக.

ஹெட்செட் தன்னால் முடிந்ததைச் செய்தார். விஷயத்தைக் கணினிப் பிரிவு இயக்குநரின் காதில் போட்டார். இயக்குநர் சுறுசுறுப்பானவர். அன்றைக்கே ‘முகவரிப் புத்தக ஒழுங்குமுறைக் குழு’ அமைந்துவிட்டது. நீள்வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தொட்டியம்மாவைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“முகவரிப் புத்தகம்ங்கிறது வெறும் பட்டியல் இல்ல. அது நம்ம குடும்பம். இன்னிக்கு இந்தக் குடும்பத்துலேர்ந்து ஒருத்தரை நீக்கணும்னு ஒரு கோரிக்கை வந்திருக்கு. நான் மனசாட்சியோட கேக்கறேன். அவர் என்ன தப்பு பண்ணார்?”

“காலமாயிட்டார் சார்,” என்றார் தொட்டியம்மா.

“அது அவரோட சொந்த விஷயம். அதை வாரியத்துக்கு முறைப்படி தெரிவிச்சாரா?”

“இரங்கல் கூட்டம் நடந்துச்சே. நீங்கதான் சார் பேசினீங்க. கண்ணைக்கூட துடைச்சுக்கிட்டீங்க.”

“கண்ணீர் உணர்ச்சி, பதிவு வேற. உணர்ச்சியை வெச்சு ஒரு தரவுத்தளத்தை நடத்த முடியாதும்மா. நாளைக்கு யாரோ ஒருத்தர், நானே செத்துட்டேன்னு சொன்னா, என்னையும் தூக்கிடுவீங்களா?”

குழு உறுப்பினர்கள் இந்த ஆபத்தை அப்போதுதான் உணர்ந்தவர்களாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு வருகைப் பதிவைப் பார்த்தபோது ஓர் உறுப்பினர் குறைந்தார். பதவி வழி உறுப்பினரான தலைமைப் பொறியாளர் வரவில்லை. அழைப்பு போயிருந்தது, முகவரிப் புத்தகத்தின்படி. இப்போதைய தலைமைப் பொறியாளருக்கு அழைப்பே இல்லாததால் அவர் தம் அறையில் நிம்மதியாக இருந்தார். முழு எண்ணிக்கை இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கும் கண்ணாடிக்காரர் வரவில்லை.

“நாம இவருக்காகத்தான் இவ்வளவு வாதாடறோம்,” என்றார் இயக்குநர், உண்மையாகவே மனம் நொந்து. “கொஞ்சம்கூட அக்கறை இல்லாம இருக்காரே!”

விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. தொடர்ந்து இரு கூட்டங்களுக்கு வராதது ஏன், ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. தலைப்பு: ‘இறுதி எச்சரிக்கை.’

இதற்கிடையில் தங்கையின் கடையில் தேய்த்து அடுக்கிய சட்டைகள்மீது தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

“அக்கா, உன் தொட்டி என் துணிமேல ஒழுகுது. இதை யார்கிட்ட சொல்லணும்?”

“என்கிட்டதான்.”

“சொல்லிட்டேன். நீ யார்கிட்ட சொல்லுவ?”

தொட்டியம்மா நனைந்த சட்டைகளை எடுத்து நகர்த்தி வைத்தார். “கொஞ்ச நாளைக்குக் கடையை மூடிட்டு வீட்ல இருடி. உன் கால்ல விழறேன்.”

“இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிட்டு நான் போயிடுவேன். அதோ பஸ்ஸுக்கு நிக்குதே ஜனம், அதை யாரு தூக்கிட்டுப் போவா?”

நிழலுக்காகத் தொட்டியின் அடியில் நெருக்கி நின்றுகொண்டிருந்தவர்களைத் தொட்டியம்மா பார்த்தார். ஒருத்தி இடுப்பில் குழந்தை இருந்தது. சொட்டும் தண்ணீரை அது கையை நீட்டிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. தொட்டியம்மா கயிறு கட்டி எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிப் பார்த்தார். வாரியத்தின் காவலர் வந்து, கயிறு கட்ட உத்தரவு இருக்கிறதா என்று கேட்டு, அவிழ்த்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வாரியத்தின் வரவேற்பறைக்கு ஓர் அம்மாள் வந்தார். இழுத்துக் கட்டிய கொண்டை, கையில் குடை, நடையில் ஒரு விறைப்பு. “தொட்டி ஆய்வாளர் யாரு?” என்று அவர் கேட்ட குரலில் மூன்று அறைகளில் பேச்சு நின்றது.

தொட்டியம்மா எழுந்து போனார்.

“நீங்கதானா? என் வீட்டுக்காரருக்கு தினம் தினம் ‘உடனடிப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்’னு எழுதறது நீங்கதானா?”

அலுவலகத்தில் அத்தனை தலைகளும் உயர்ந்தன. கணினித் திரைகளுக்குமேல் கண்கள் மட்டும் தெரிந்தன.

“கல்யாணம் ஆன புதுசுல நான்கூட அவருக்கு இவ்வளவு அவசரமா எழுதினதில்ல,” என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தாமே சிரித்துவிட்டார்.

அவர் மறைந்த தலைமைப் பொறியாளரின் மனைவி. பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் வீட்டுக் கணினியிலும் அலுவலக அஞ்சலை இணைத்து வைத்திருந்தார். அவர் போன பிறகும் கணினியை அந்த அம்மாள் அணைக்கவில்லை. அஞ்சல் வரும்போது அந்த அறையிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். சமையலறையில் நிற்கும்போது அது கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். திறந்து படித்ததில்லை. முந்தாநாள் திரையைத் துடைக்கும்போது ‘இறுதி எச்சரிக்கை’ என்ற தலைப்பு கண்ணில் பட்டது. கோபத்தில் திறந்தார். அதற்குக் கீழே வரிசையாக, படிக்கப்படாமல், தொட்டியம்மா நின்றுகொண்டிருந்தார்.

“மெமோவுக்குப் பதில் எழுதலாம்னுதான் உக்காந்தேன்,” என்றார் நர்ஸம்மா. “கூட்டத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன காரணம்தான் அவரால சொல்ல முடியும்? அப்புறம் உங்களுதெல்லாம் படிச்சேன். படிச்சிட்டு தூக்கம் வரல. அந்தத் தொட்டியைக் காட்டுங்க.”

இருவரும் பேருந்தில் போனார்கள். நர்ஸம்மா குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அடித்தளத்தின் ஓரம் நெடுக ஈரம் கறுத்து, நடுவே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. நோயாளியைப் பார்ப்பதுபோல அவர் நெடுநேரம் பார்த்தார்.

“உள்ள கசியுது. எவ்வளவு நாள் தாங்கும்?”

“தெரியலம்மா. இத்தனை நாள் நின்னதே அதோட பெருந்தன்மை.”

“வாங்க வீட்டுக்கு.”

நர்ஸம்மாவின் வீட்டில் அந்தக் கணினி ஜன்னலோரம் இருந்தது. பக்கத்து அலமாரியில் பம்புகளைப் பற்றிய தடித்த புத்தகங்கள் தூசியில்லாமல் நின்றன. நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன செய்யப் போகிறார் என்பது தொட்டியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மா, இது தப்பில்லையா? அவர் பேர்ல நாம…”

“தப்புதான்,” என்றார் நர்ஸம்மா. “வார்டுல ஒருத்தன் மூச்சு முட்டி நீலமாயிட்டிருப்பான். டாக்டர் கையெழுத்து வரட்டும்னு ஆக்ஸிஜனைக் கையில பிடிச்சிட்டு நிக்க என்னால முடிஞ்சதில்ல. வெச்சிடுவேன். மறுநாள் எனக்கு மெமோ வரும். வாங்கிக்குவேன். அவன் பெட்ல உக்காந்து நான் மெமோ வாங்கறதை வேடிக்கை பாப்பான். அது போதும் எனக்கு. சொல்லுங்க, உத்தரவு எப்படி எழுதுவாங்க?”

“‘மேற்காணும் பொருள் தொடர்பாக’ன்னு ஆரம்பிப்பாங்க.”

“அவர் அப்படி எழுத மாட்டார்.”

நர்ஸம்மா இரண்டு விரலால் தட்டினார். ‘சந்தைத் தெருத் தொட்டியை இப்போதே காலி செய்யவும். கீழே ஒருவரையும் நிற்க விடக் கூடாது. அந்தப் பகுதிக்கு லாரியில் தண்ணீர் அனுப்பவும். முடித்ததும் எனக்குச் சொல்லவும்.’ பெறுநர் பெட்டியில் ‘அனை’ என்று தட்டியதும் மென்பொருளே ‘அனைவரும்’ என்று முடித்துக் கொடுத்தது. கடிதத்தின் அடியில் கணவரின் பெயரும் பதவியும் தாமாக வந்து நின்றன. நர்ஸம்மா அதைப் பார்த்தபடி ஒரு கணம் கையை எடுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு அனுப்பினார்.

வாரியம் விழித்துக்கொண்டது. காலமானவரிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. முகவரிப் புத்தகத்தில் தலைமைப் பொறியாளர், படத்தோடு, பதவியோடு இருந்தார். வேறென்ன வேண்டும்? வால்வுக்காரர் சைக்கிளில் பறந்தார். முன்பு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போன காவலர், இப்போது அதைவிட நீளமான கயிற்றோடு வந்து தெருவையே கட்டினார். தொட்டியின் கழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் பேரிரைச்சலோடு கொட்டியது. கணினிப் பிரிவு இயக்குநர் பதில் அஞ்சல் அனுப்பினார்: ‘தங்கள் உத்தரவு கிடைத்தது. தங்கள் குரல் கேட்டு மகிழ்ச்சி. இனி குழுக் கூட்டங்களுக்கும் தவறாமல் வருவீர்கள் என நம்புகிறோம்.’

இப்போதைய தலைமைப் பொறியாளருக்கும் அந்த உத்தரவு வந்திருந்தது. துணைப் பொறியாளருக்கு வந்ததால் அவர் திறக்கவில்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றதும்தான் அவருக்குத் தெரிந்தது. காரில் வந்து இறங்கினார்.

“யாரு உத்தரவுய்யா இது?”

“தலைமைப் பொறியாளர் உத்தரவு சார்,” என்றார் வால்வுக்காரர்.

“நான்தான்யா தலைமைப் பொறியாளர்!”

வால்வுக்காரர் கைப்பேசியில் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, படத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல உங்களைத் துணைன்னு போட்டிருக்கே சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“வால்வை மூடு! தொட்டியை நிரப்பு!”

“மெயில்ல அனுப்பிடுங்க சார். வாய் வார்த்தைக்கு வால்வைத் திருப்பினா என் வேலை போயிடும்.”

தலைமைப் பொறியாளர் அங்கேயே நின்று தட்டி அனுப்பினார். துணைப் பொறியாளர் ஒருவர் தம் மேலதிகாரியின் உத்தரவை ரத்து செய்ய முயல்வதைக் கண்டுகொண்ட மென்பொருள், அதை அந்த மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்பி வைத்தது. ஜன்னலோரக் கணினியில் ‘டிங்’ என்றது. நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, ‘மறுக்கப்படுகிறது’ என்ற பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் விடியும் நேரத்தில் தொட்டியின் அடித்தளம் பாதியாகப் பிளந்து கீழே இறங்கியது. வெற்றுத் தொட்டிதான். இருந்தும் பேருந்து நிறுத்தத்தின் கூரை அப்பளம்போல் நொறுங்கியது. சலவைக் கடை இருந்த இடத்தில் அதன் பலகையை மட்டும்தான் அடையாளம் காண முடிந்தது. கயிற்றுக்கு வெளியே கூட்டம் கூடியிருந்தது. தங்கை இஸ்திரிப் பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டியம்மா போய் அந்தக் கனத்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

விசாரணை நடந்தது. நடத்தியவர் கணினிப் பிரிவு இயக்குநர்.

“உத்தரவு முறையான முகவரியிலேர்ந்து வந்திருக்கு, முறையா நிறைவேறியிருக்கு, உயிர்ச்சேதம் இல்ல,” என்று அவர் தீர்ப்பு வாசித்தார். “இதுல ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அன்னிக்கு வேகமா முடிவெடுத்தது யாரு? ஓய்வுக்குப் பிறகும், அதுக்குப் பிறகும்கூட, கடமையை மறக்காத ஒருத்தர். பணியில இருக்கிறவங்க அவரைப் பாத்துக் கத்துக்கணும். அவர் மேல போட்ட மெமோவைத் திரும்பப் பெறுகிறோம். இந்த வருஷத்தோட சிறந்த அலுவலர் அவர்தான்.”

மேலதிகாரியின் உத்தரவைத் தடுக்க முயன்றதாக இப்போதைய தலைமைப் பொறியாளர் எச்சரிக்கப்பட்டார். வாரியச் சொத்தில் பென்சிலால் கிறுக்கியதற்காகத் தொட்டியம்மாவுக்கும் ஒரு மெமோ கிடைத்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறொரு தொட்டியில் ஏறப் போனார்.

ஹெட்செட் மட்டும் எழுந்து நின்று, “சார், இப்பவாவது அவர் பேரை எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

“சிறந்த அலுவலரையா?” என்றார் இயக்குநர். குழுவே ஹெட்செட்டைப் பார்த்து முகம் சுளித்தது.

அந்த முகவரிக்கு எழுதினால் பதில் வருகிறது என்ற செய்தி மெதுவாகப் பரவியது. பம்பு ரிப்பேர், குழாய் உடைப்பு, சாக்கடை அடைப்பு என்று எல்லோரும் அங்கேயே அனுப்பினார்கள். நர்ஸம்மா காலையில் குளித்துவிட்டு, வார்டு சுற்றுவதுபோல வரிசையாகப் பார்ப்பார். புரியாததற்குத் தொட்டியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார். ‘செய்யவும்’, ‘வேண்டாம்’, ‘நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதவும்’ என்று மூன்றே பதில்கள்தான். ஊரில் குழாய்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. வாரியத்தின் பழைய ஆட்கள், அவர் உயிரோடிருந்த காலத்தைவிட இப்போது நிர்வாகம் மேல் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் தொட்டியம்மா ரயிலடித் தொட்டியின் உச்சியில் இருந்தபோது கைப்பேசி அடித்தது.

“எங்க இருக்கீங்க?” என்றார் நர்ஸம்மா.

“மேலதாம்மா. சொல்லுங்க.”

“உங்க சார் நீண்ட விடுப்பு கேட்டு எழுதியிருக்கார். மன உளைச்சலாம். பாவம், என்னை ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு வேற போட்டிருக்கார். குடுக்கலாமா?”

தொட்டியம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். கீழே ஊர் முழுதும் மொட்டை மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. “தாராளமா குடுங்கம்மா. ஆனா ஒண்ணு. அவர் திரும்பி வந்து வேலையில சேரணும்னாலும் நீங்கதான் அனுமதி குடுக்கணும்.”

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது. பிறகு விசைப்பலகையை இரண்டு விரல்கள் தட்டுவது கேட்டது.

“அனுப்பிட்டேன்,” என்றார் நர்ஸம்மா. “நீங்க பாத்து இறங்குங்க. அவசரமே இல்ல.”